சரளைச் செம்மண்ணில் படரும் லாண்டானா: சில வருட அனுபவம்

காரைக்குடிப் பக்கம் வெயில் காயும் சரளைச் செம்மண்ணில் புல்வெளி போட நினைப்பவர்கள், அதற்கு முன் படரும் லாண்டானாவை யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டு முகப்புக்கும் தெருவுக்கும் நடுவே உள்ள சரிவில் ஊதாப்பூ வகையைச் சில வருடங்களாக வளர்க்கிறேன். முழங்கால் உயரத்துக்கு மேல் அவ்வளவாக எழும்பாது, பக்கவாட்டில்தான் ஓடும்.

“உண்ணிச்செடியைப் போய்க் காசு குடுத்து வாங்குனியாக்கும்?” என்று எதிர்வீட்டு ஆச்சி கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆச்சி சொன்ன உண்ணிச்செடி, முதுமலைக் காட்டில் புதராக மண்டியிருக்கும் லாண்டானா கமாரா. இது அதன் உறவு, லாண்டானா மான்டெவிடென்சிஸ், தென் அமெரிக்காச் செடி. ஆனால் ஆஸ்திரேலியாவில் இதுவும் களையாகப் பரவியிருக்கிறது. அதனால் ஊருணிக்கரை, கண்மாய்க்கரைப் பக்கம் நடவே கூடாது என்பேன்.

இதனால் எனக்குப் பெரிய லாபம் மண்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் கரைந்து தெருவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தரையில் படும் கணுக்களில் இது வேர்விட்டுப் பிடித்துக்கொள்வதால் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. வண்ணத்துப்பூச்சிகளும் நிறைய வருகின்றன.

மூன்றடி இடைவெளி போதும். நடும்போது கொஞ்சம் தொழுவுரம் போடலாம், அதற்கப்புறம் வேண்டாம். ஊட்டம் கூடினால் இலைதான் மண்டும், பூ குறையும். முதல் கோடையில் இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வேண்டும். வேர் இறங்கியபின் வாரம் ஒருமுறை ஆழமாக நனைத்தால் சரி. அக்னி நட்சத்திரத்தில் இலை சுருண்டு பூ நின்றாலும் பிடுங்கிவிடாதீர்கள், ஒரு மழையில் துளிர்த்துவிடும். வேம்பின் நிழலில் இருக்கும் பகுதி மட்டும் சரியாகப் பூப்பதில்லை. இதற்கு முழு வெயில் வேண்டும்.

கத்தரிப்பதில்தான் உழைப்பு. விட்டால் மேலே பச்சையும் அடியில் வெறும் குச்சியுமாகிவிடும். புரட்டாசியில் ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிவிடுகிறேன். மழைக்குப் பின் தையில் பூ நிறைந்து நிற்கும். இலை சொரசொரப்பானது, சிலருக்கு அரிக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அடர்த்திக்குள் பூச்சி பொட்டு ஒதுங்கும் என்பதால் வாசல்படி ஓரத்தில் இரண்டடி இடம் விட்டே வைத்திருக்கிறேன்.

தெருவில் திரியும் ஆடுகள் இதைக் கடிப்பதில்லை. லாண்டானா இலை ஆடுமாடுகளுக்கு நஞ்சு. வெட்டிய கிளைகளைத் தீவனத்தோடு கலக்கவும் வேண்டாம், வேலிக்கு வெளியே எறியவும் வேண்டாம். ஈரத்தில் கிடந்தால் அங்கேயே வேர்விடும். நான் வெயிலில் நன்றாகக் காயவைத்து, மொடமொடப்பானபின்தான் உரக்குழியில் போடுகிறேன்.