எண்ணைத் தேதியாக்கிக் காட்டும் டிபி பிரவுசர் ஃபார் எஸ்கியூலைட்

முழு டேட்டாபேஸையும் ஒரே கோப்பில் வைக்கும் எஸ்கியூலைட்டில் தேதிக்கென்று தனி டேட்டா டைப் கிடையாது என்பதால், ஒவ்வொரு செயலியும் நேரத்தைத் தனக்குத் தோன்றியபடி எண்ணாகவோ எழுத்தாகவோ சேமித்து வைக்கிறது. டேபிளைத் திறந்து பார்ப்பவருக்கு 1700000000 போன்ற எண்கள்தான் வரிசையாக வந்து நிற்கும். அவற்றைத் தேதியாகப் படிக்க நான் பயன்படுத்துவது டிபி பிரவுசர் ஃபார் எஸ்கியூலைட். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் இலவசமாகக் கிடைக்கும் இந்தத் திறமூல மென்பொருளை, அதிலுள்ள ‘எடிட் டிஸ்ப்ளே ஃபார்மட்’ என்ற ஒரே வசதிக்காகவே நிறுவிக்கொள்ளலாம்.

‘பிரவுஸ் டேட்டா’ பகுதியில் நெடுவரிசைத் தலைப்பின் மேல் ரைட் கிளிக் செய்தால் இந்த வசதி கிடைக்கும். 1970 ஜனவரி 1 முதல் வினாடிகளை எண்ணும் யூனிக்ஸ் எபோக் (எபோக் என்றால் எண்ணிக்கை தொடங்கும் நேரம்), அதே நாளிலிருந்து மில்லிசெகண்டாக எண்ணும் ஜாவா எபோக், 2001 ஜனவரி 1-ஐத் தொடக்கமாகக் கொண்ட ஆப்பிளின் என்எஸ்டேட், 1601 ஜனவரி 1 முதல் மைக்ரோசெகண்டாக எண்ணும் குரோம் எபோக் ஆகியவை பட்டியலில் ஆயத்தமாக இருக்கின்றன. குரோமின் ‘ஹிஸ்டரி’ கோப்பிலுள்ள 17 இலக்க எண்களை, 1601-க்கும் 1970-க்கும் இடையிலான 11644473600 வினாடிகளைக் கழிக்கும் கணக்கை நாம் நினைவில் வைத்திராமலேயே, இது தேதியாக்கிவிடுகிறது. (குரோம் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கோப்பு பூட்டப்பட்டிருக்கும், நகலெடுத்துத் திறப்பதே நல்லது.) மாறுவது பார்வை மட்டுமே, சேமித்த எண்ணை மென்பொருள் தொடுவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது, தேர்ந்தெடுத்த வடிவத்துக்கான எஸ்கியூஎல் (டேட்டாபேஸிடம் வினவும் மொழி) வரியை அதே சன்னலில் காட்டி, திருத்தவும் விடுவதுதான். ஃபயர்ஃபாக்ஸ் 1970 முதல் மைக்ரோசெகண்டாக எண்ணுகிறது; நான் வைத்திருக்கும் பதிப்பின் பட்டியலில் அதற்கென வடிவம் இல்லை. யூனிக்ஸ் எபோக்கைத் தேர்ந்தெடுத்து, நெடுவரிசைப் பெயருக்குப் பக்கத்தில் பத்து லட்சத்தால் வகுக்கும்படி சேர்த்தால் வேலை முடிந்துவிடுகிறது.

குறைகளும் உண்டு. ‘யூனிக்ஸ் எபோக் டு டேட்’ என்ற தேர்வு யுடிசி என்ற உலகப் பொது நேரத்தைக் காட்டுகிறது. ஆனால் அது யுடிசி என்று பெயரிலும் இல்லை, விடையிலும் இல்லை. மேலே சொன்ன 1700000000 அதில் 2023 நவம்பர் 14, 22:13:20 என்று வரும். பக்கத்திலேயே உள்ள ‘டு லோக்கல் டைம்’ தேர்வில், இந்திய நேரத்தில் இயங்கும் கணினியில், நவம்பர் 15, 03:43:20 என்று வரும். நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் இடையே பதிவானவை அனைத்தும் முந்தைய நாள் கணக்கில் விழுந்துவிடும் என்பதால், நாள்வாரி விற்பனையைச் சரிபார்ப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அடுத்தது, அலகை மாற்றித் தேர்ந்தெடுத்தால் எந்த எச்சரிக்கையும் வராது. மில்லிசெகண்ட் எண்ணை வினாடியாகக் கொடுத்தால் ஆண்டு 9999-ஐத் தாண்டிவிடுகிறது. அதற்கு மேல் எஸ்கியூலைட்டுக்குத் தேதி கிடையாது என்பதால் கட்டங்களில் வெறும் ‘நல்’ (மதிப்பு இல்லை) என்றுதான் தெரியும், புதியவர்கள் டேட்டாவே இல்லை என்று நினைத்துவிடுவார்கள்.

நாம் அமைத்த வடிவம் ‘எக்ஸிக்யூட் எஸ்கியூஎல்’ பகுதியில் எழுதும் வினவல்களுக்குச் செல்லாது, அங்கே மாற்றத்தை நாமே எழுத வேண்டும். ஆனால் ‘பிரவுஸ் டேட்டா’ பகுதியின் கருவிப்பட்டையில், ஃபில்டர், வரிசைப்படுத்தல், தேதி வடிவம் எல்லாவற்றையும் அப்படியே ஒரு வியூவாக, அதாவது டேபிள் போலப் பயன்படுத்தக்கூடிய வினவலாக, சேமிக்கும் பொத்தான் இருக்கிறது. அதன் பிறகு அந்த வியூவையே வினவல்களில் பயன்படுத்தலாம். வியூ டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதப்படுவதால், அடுத்தவர் கோப்பில் இதைச் செய்வதற்கு முன் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் கோப்புகளை இது திறக்காது.