பயர்வோல் எச்சரிக்கையைக் காட்டிப் பயமுறுத்தினால் நம்பாதீங்கோ: 18,500 ரூபா போச்சு

கோபம் அடங்க முன்னமே எழுதுறன். திருகோணமலை டவுனுக்குள்ள கொம்பியூட்டர் திருத்திற கடை ஒண்டில 18,500 ரூபா பறிகுடுத்திட்டு நிக்கிறன். கடைப் பேர் போடேல்ல. இப்பிடிக் கதைக்கிறவை எங்க இருந்தாலும் கவனம்.

நிலாவெளியில எங்களுக்கு வாடகைக்கு விடுற அறைகள் இருக்கு. சீசன் தொடங்கினா புக்கிங், கணக்கு எல்லாம் என்ர லெப்டொப்பிலதான். வீட்டில புது ரவுட்டர் பூட்டினதில இருந்து பயர்வோல், அதான் லெப்டொப்புக்கு வாற போற தொடர்புகளைக் காவல் காக்கிற சொப்ட்வெயார், சிவப்புப் பெட்டி ஒண்டைக் காட்டத் தொடங்கிச்சுது. எஸ்விசிஹோஸ்ட் (svchost.exe) எண்ட புரோகிராம் ஒண்டு தொடர்பு கொள்ளப் பாக்குதாம், விடவா தடுக்கவா எண்டு கேள்வி. அது கூப்பிடுற நெட்வேர்க் முகவரி 239.255.255.250, போர்ட் (வாசல் இலக்கம் மாதிரி) 1900. தடுத்தாலும் கொஞ்ச நேரத்தில திரும்ப வரும். விருந்தாளிகளின்ர பாஸ்போர்ட் படங்களும் அதுக்குள்ள கிடந்தது. பயந்துதான் கொண்டுபோனன்.

கடைப் பொடியன் கதிரை இழுத்துப் போட்டு, "பதறாதீங்கோ அக்கா, இப்ப பாத்துச் சொல்லுறன்" எண்டான். முகவரியைத் தன்ர போனில அடிச்சான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது இலங்கை முகவரி இல்லை அக்கா. வெளிநாட்டுக்காரன் உள்ள பூந்திட்டான். இப்பவே செய்யாட்டி பேங்க் காசும் போயிடும்" எண்டான். தன்ர அம்மாவின்ர லெப்டொப்புக்கும் இப்பிடி வந்ததாம், தானே திருத்திக் குடுத்ததாம். அம்மா எண்டு சொன்ன இடத்திலதான் நான் நம்பினன். ஃபைல் அழியுமோ எண்டு திரும்பத் திரும்பக் கேட்டன். ஒண்டும் அழியாது எண்டு சத்தியம் பண்ணாத குறை.

விண்டோஸ் திரும்ப அடிக்க, லைசென்ஸ் அன்டிவைரஸ் போட, நெட்வேர்க் கிளீனிங் பண்ண, எல்லாம் சேத்து 18,500 ரூபா. கையில தந்தது கொப்பியில கிழிச்ச ஒரு துண்டு. "சேர்விஸ் 18,500" எண்டு மட்டும் கிறுக்கியிருந்தது. கடைப் பேரும் இல்லை, திகதியும் இல்லை.

வீட்ட வந்து பாத்தா சிவப்புப் பெட்டி வரேல்ல. எப்பிடி வரும்? பயர்வோலையே கழட்டிப் போட்டாங்கள்! அன்டிவைரஸ் 30 நாள் ட்ரயல். டெஸ்க்டொப்பில வைச்சிருந்த புக்கிங் கணக்கு ஒண்டும் இல்லை. பயர்வோலைத் திரும்பப் போட்டன். அதே முகவரி, அதே 1900.

நெட்வேர்க் வேலை செய்யிற மருமகனுக்குப் படம் அனுப்பினன். உடன போன் எடுத்தான். "மாமி, 224இல இருந்து 239 வரைக்கும் தொடங்கிற முகவரி எந்த நாட்டுக்காரனுக்கும் சொந்தமில்லை. வீட்டு வைஃபையில டிவி, பிரிண்டர் ஏதும் இருக்கோ எண்டு விண்டோஸ் கூப்பிட்டுப் பாக்குது. அது ரவுட்டரைத் தாண்டி வெளியில போகாது" எண்டான். புது ரவுட்டர் எண்டா பயர்வோலுக்குப் புது நெட்வேர்க், அதான் திரும்பவும் கேட்டிருக்கு. ஓடுற புரோகிராம்களைக் காட்டுற டாஸ்க் மனேஜரில எஸ்விசிஹோஸ்ட்டை ரைட் கிளிக் பண்ணி, ஃபைல் எங்க இருக்கெண்டு பாக்கச் சொன்னான். விண்டோஸ் போல்டரில இருக்கிற சிஸ்டம்32க்குள்ளதான் இருந்தது. விண்டோஸின்ர சொந்த ஃபைல். ஒரு நிமிசத்தில பாக்கிற விசயத்துக்கு 18,500 ரூபா!

கடைக்கு அடிச்சா, "முதலாளி கொழும்புக்குப் போயிட்டார்." வட்ஸ்அப்பில படம் போட்டன், நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. நேர போனா அதே பொடியன், இப்ப அக்கா எண்டு வாயில வரேல்ல. "சொப்ட்வெயார் வேலைக்கு வொரண்டி இல்லை மேடம்." கணக்கு எங்க எண்டு கேட்டா, "நீங்கதான் பக்கப் எடுத்திருக்கோணும்." ஒழுங்கான பில் தா எண்டா, பில் புத்தகம் முடிஞ்சுதாம், வாற கிழமை வரட்டாம். அம்மாவைச் சாட்டிக் காசு வாங்கின வாய் அது. நினைக்க நினைக்க வயிறு எரியுது.

எப்பிடிப் பாக்கிறதெண்டு விளக்கமா எழுதத்தான் இருந்தன், இப்ப மனசு ஒரு நிலையில இல்லை. இதையெண்டாலும் கவனியுங்கோ. 192.168 எண்டு தொடங்கினா அது வீட்டு நெட்வேர்க், 127.0.0.1 எண்டா உங்கட மெசினேதான். அதைக் காட்டி வெளிநாட்டு ஆள் எண்டு ஆரும் சொன்னா லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்திடுங்கோ. எஸ்விசிஹோஸ்ட் எண்ட பேரில ஒண்டு விண்டோஸ் போல்டருக்கு வெளியில, டவுன்லோட்ஸ் மாதிரி இடத்தில கிடந்தா மட்டும் உண்மையாவே பயப்பிடுங்கோ. கடையில குடுக்க முதல் எல்லாத்தையும் பென்டிரைவில கொப்பி பண்ணுங்கோ. காசை நீட்ட முதல் பில்லைக் கேளுங்கோ, கேட்டா குடுக்கத்தான் வேணும் எண்டு 2003ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்திலயே இருக்கு. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின்ர நம்பர் 1977. அந்தத் துண்டையும் வட்ஸ்அப் படங்களையும் வைச்சு நான் முறைப்பாடு எழுதிக்கொண்டு இருக்கிறன். 18,500 ரூபாவில ஒரு சதமும் விடமாட்டன்.