பட்ஜா, சிப்பா: விண்கலத்துக்குள் கதிர்வீச்சை அளக்க எது தோது?

மட்டக்களப்பில் எக்ஸ்ரே அறையில் வேலை செய்கிற எங்கள் நெஞ்சில் எப்போதும் ஒரு டிஎல்டி பட்ஜ் இருக்கும், ஈய ஏப்ரனுக்கு உள்ளே. கதிர் பட்டால் அதிலுள்ள பளிங்கு சக்தியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு சூடாக்கினால் ஒளியாக விட்டுவிடும். அந்த ஒளியை அளந்தால் டோஸ் தெரியும். அளப்பது இங்கே அல்ல, கொழும்பில். முடிவு வர நாளாகும், யாரும் அவசரப்படுவதில்லை.

சர்வதேச விண்வெளி நிலையத்திலும் இதே இனத்துப் பட்ஜ்தான் வீரர்களோடு போய் வருகிறது. ஆனால் அங்கே ஒரு நாளைக்கே டோஸ் அரை மில்லிசீவர்ட்டுக்கு (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் ஏறும். பூமியில் இயற்கையாக நமக்குக் கிடைப்பது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். அளவை விடுங்கள், கதிரின் வகையே வேறு. எக்ஸ்ரேயில் பழகிய பளிங்கு, இரும்புக் கரு போன்ற பாரமான அயன்களை (மின்னேற்றமுள்ள அணுக்களை) குறைத்தே கணக்கிடும். அந்தக் குறையை நிரப்பத்தான் சிஆர்-39 பிளாஸ்டிக்கைச் சேர்த்து வைக்கிறார்கள். காத்தான்குடிக் கண்ணாடிக்கடையில் பவருக்கு வெட்டித் தருகிற பிளாஸ்டிக் வில்லைகளில் பலவும் இதே சாமான்தான்! அயன் துளைத்த இடத்தைச் சோடியம் ஐதரொட்சைட்டு அரித்துக் குழியாக்கும். நுணுக்குக்காட்டியில் அதை எண்ணலாம். மின்சாரம் வேண்டாம், பழுதாக எதுவுமில்லை. ஆனால் எல்லாம் தரைக்கு வந்த பிறகுதான்.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்தது ஹங்கேரிக்காரரின் பில்லே. பட்ஜை வாசிக்கிற கருவியையே மேலே கொண்டுபோய்விட்டார்கள். 1980இல் ஹங்கேரி விண்வெளி வீரர் பெர்த்தலான் பார்க்காஸ் சோவியத் நிலையமான சல்யூட் 6இல் பயன்படுத்தினார், 1984இல் அமெரிக்க வீராங்கனை சாலி ரைட் சலஞ்சர் விண்ணோடத்தில். விண்நடை முடித்து வந்தவுடனே அங்கேயே சூடாக்கிப் பார்த்துவிடலாம். இதற்குக் கிடைக்க வேண்டிய பேர் இன்னும் கிடைக்கவில்லை என்பேன்.

வாயு நிரப்பிய டிஈபிசி கருவி உடனுக்குடன் எண் தரும். திசுவைப் போன்ற பிளாஸ்டிக் சுவர், உள்ளே தாழ்ந்த அமுக்கத்தில் வாயு. ஓர் உயிரணு வாங்கும் அடியை அப்படியே பாவனை செய்யும். எது அடித்தது என்று மட்டும் சொல்லாது. பருமனும் அதிகம்.

அதைச் சொல்வது டைம்பிக்ஸ். ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வுகூடமான செர்னில் பிறந்த சிப், 256க்கு 256 பிக்சல், ஒவ்வொன்றும் 55 மைக்ரோமீற்றர். பென்டிரைவ் அளவு உறையில் 2012இல் நிலையத்துக்குப் போய் மடிக்கணினியில் செருகப்பட்டது. திரையைப் பார்த்தால் இலத்திரன் நெளிந்து ஓடும், சாய்வாக வந்த புரோத்தன் நேர்கோடு இழுக்கும், பாரமான அயன் தடித்த கோட்டைச் சுற்றி மயிர் முளைத்த மாதிரி விழும். சில அயன்கள் ஒரே பிக்சலில் கொட்டுகிற சக்தியில் அதன் கணக்குத் தடுமாறும் என்பது உண்மைதான். ஆனாலும் 2022இல் ஆளில்லாமல் சந்திரனைச் சுற்றிவந்த நாசாவின் ஆர்ட்டெமிஸ் 1இல் இந்தச் சிப்பில் இயங்கும் ஹீரா என்ற கதிர்வீச்சு எச்சரிக்கைக் கருவி போனது சும்மா அல்ல. ஆட்கள் போகும்போது டோஸ் ஏறினால் அது எச்சரிக்கும்; அவர்கள் கலத்தின் கீழ்ப்பகுதிச் சேமிப்பறைகளில் ஒதுங்கிச் சாமான் பைகளை மேலே அடுக்கிக்கொள்வார்கள்.

1972 ஆகஸ்டில், அப்பல்லோ 16க்கும் 17க்கும் இடையில், பெரிய சூரியப் புயல் ஒன்று அடித்தது. நல்ல காலம், அப்போது யாரும் வழியில் இல்லை. இருந்திருந்தால், பட்ஜ் எவ்வளவு பட்டது என்பதைத் திரும்பி வந்த பிறகு சரியாகவே சொல்லியிருக்கும்!

ஆகவே சந்திரனுக்கு என்றால் என் வாக்கு டைம்பிக்ஸுக்கு. விண்வெளி நிலையத்தில், பூமியின் காந்தப்புலத்தின் நிழலில் ஆறு மாதம் சுற்றுவதற்குப் பில்லே போதும். அதற்காகப் பட்ஜைக் கழற்றச் சொல்லவில்லை. நாசா ஒரு வீரருக்கு வாழ்நாள் முழுவதற்கும் வைத்திருக்கும் எல்லை 600 மில்லிசீவர்ட். மின்சாரம் போனாலும் அந்தக் கணக்கு விடுபடக் கூடாது. மின்னேற்றமில்லாத துகளான நியூத்திரன்தான் மீதி. அதில் சிப்பும் பலவீனம்தான். நியூத்திரன் பட்டால் குமிழி விடுகிற கனடாக்காரரின் குழாயில் குமிழி எண்ணுகிற வேலை இன்னும் இருக்கிறது.