தேர்ந்த சிலருக்கு மட்டும் டெஸ்க்டாப் கட்டுப்பாடு: விண்டோஸ் குரூப் பாலிசி குறித்து ஒரு மதிப்பீடு

அலுவலக நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும் ஒரே கட்டுப்பாட்டை விதிப்பது பெரிய வேலை அல்ல. கணக்குப் பிரிவினர் வால்பேப்பரை மாற்றக் கூடாது, வரவேற்பு மேசைக் கணினியில் கண்ட்ரோல் பேனல் திறக்கக் கூடாது, அதே கணினியில் மேலாளர் லாகின் செய்தால் மட்டும் எல்லாம் வழக்கம்போல் இருக்க வேண்டும் என்று ஆளுக்கு ஆள் தேவை மாறும்போதுதான் ஒரு கருவியின் தரம் தெரியவரும். அலுவலகத்தின் பயனர், கணினிக் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் விண்டோஸ் சர்வரின் ஆக்டிவ் டைரக்டரியோடு சேர்ந்தே வருவது குரூப் பாலிசி; எந்தப் பயனருக்கு, எந்தக் கணினிக்கு என்ன அமைப்பு என்று நிர்வாகி வகுக்கும் விதிகளைச் செயல்படுத்தும் கருவி அது. அதை நெடுங்காலமாக இந்த வேலைக்குப் பயன்படுத்தி வருகிறேன். அந்த அனுபவத்தை வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் பாராட்ட வேண்டியது, விதித்த கட்டுப்பாட்டைச் சுவடின்றி விலக்கிக்கொள்ள முடிவது. விண்டோஸ் என்டி 4.0 காலத்துச் சிஸ்டம் பாலிசி, ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் தரவுத்தளம்) ஒரு மதிப்பை எழுதிவிட்டால், பாலிசியை நீக்கிய பிறகும் அந்த மதிப்பு பச்சை குத்தியதுபோல அங்கேயே நிற்கும். விண்டோஸ் 2000 உடன் வந்த குரூப் பாலிசி, ‘நிர்வாக வார்ப்புருக்கள்’ எனப்படும் தன் ஆயத்தப் பட்டியலில் உள்ள அமைப்புகளை ரெஜிஸ்ட்ரியில் பாலிசிகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட பகுதிகளில் எழுதுகிறது. சாதாரணப் பயனரால் அந்தப் பகுதிகளில் கை வைக்க முடியாது. ஒருவர் வேறு பிரிவுக்கு மாற்றலாகி, பாலிசி அவருக்குப் பொருந்தாமல் போனால், கட்டுப்பாடும் தானாக விலகிவிடும்.

தடுக்கக்கூடியவற்றின் பட்டியல் மிக நீளமானது. வால்பேப்பர், ஸ்கிரீன் சேவர், டாஸ்க்பார், கண்ட்ரோல் பேனல், ரெஜிஸ்ட்ரி எடிட்டர், யுஎஸ்பி டிரைவ் என எல்லாமே அதில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ‘நாட் கன்ஃபிகர்டு’, ‘எனேபிள்டு’, ‘டிஸேபிள்டு’ என்று மூன்று நிலைகள். பல அமைப்புகளின் பெயரே ‘தடைசெய்’ என்று தொடங்குவதால், தடை வேண்டுமென்றால் ‘எனேபிள்டு’ என்று கொடுக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் இங்கே கட்டாயம் தடுமாறுவார்கள் என்பதால், அமைப்புக்கு அருகிலேயே தரப்பட்டுள்ள விளக்கத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவது நல்லது.

தடுப்பது இவ்வளவு எளிது என்றால், யாரைத் தடுப்பது என்பதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. பயனர்களை ஆக்டிவ் டைரக்டரியில் தனி ஆர்கனைசேஷனல் யூனிட்டில் (கணக்குகளைப் பிரித்து வைக்கும் உட்பிரிவு) வைத்து அதனோடு பாலிசியை இணைப்பது ஒன்று. ஒரு செக்யூரிட்டி குரூப்பை உருவாக்கி, அதன் உறுப்பினர்களுக்கு மட்டும் பாலிசி பொருந்துமாறு வடிகட்டுவது மற்றொன்று. ஐந்தாறு பிரிவுகளில் சிதறிக் கிடக்கும் பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்க இரண்டாவது வழியே ஏற்றது. ஆனால் அதில் ஒரு பள்ளம் உண்டு. பாலிசி யாருக்குப் பொருந்தும் என்ற பட்டியலில் இயல்பாகவே இருக்கும் ‘ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்’ (முறையாக லாகின் செய்த எல்லாப் பயனர்களும் கணினிகளும்) என்பதை நீக்கிவிட்டு நம் குரூப்பைச் சேர்த்தால், பழைய நாட்களில் அதுவே போதுமானதாக இருந்தது. 2016 ஜூன் மாதப் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, பயனருக்கான பாலிசியையும் கணினியே தன் சொந்தக் கணக்கின் பெயரில் சர்வரிலிருந்து எடுத்து வருகிறது. கணினிக்குப் படிக்கும் உரிமை இல்லையென்றால் பாலிசி சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும். பயனரின் திரையில் ஒரு பிழைச் செய்தி கூட வராது. ஆகவே வடிகட்டலில் நீக்கியதை பாலிசியின் உரிமைகளைக் காட்டும் ‘டெலிகேஷன்’ பக்கத்தில் படிக்கும் உரிமையோடு மட்டும் திரும்பச் சேர்த்துவிட வேண்டும்.

எந்தக் கணினியில் அமர்ந்தாலும் கட்டுப்பாடு பயனரோடு கூடவே வருவதுதான் இயல்பு. பயிற்சி அறை, வரவேற்பு மேசை போன்ற பொதுக் கணினிகளில் மட்டும் கட்டுப்பாடு வேண்டும், அதே நபர் தன் இருக்கைக்குத் திரும்பினால் வேண்டாம் என்றால், ‘லூப்பேக்’ என்ற அமைப்பைப் பயன்படுத்த வேண்டும். அதில் ‘ரீப்ளேஸ்’ என்பது பயனரின் சொந்தப் பாலிசிகளை ஒதுக்கிவிட்டுக் கணினிக்கு உரியவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளும். ‘மெர்ஜ்’ என்பது இரண்டையும் சேர்த்து, மோதல் வந்தால் கணினியின் பக்கம் நிற்கும். இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

என் கைப்பிழை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இருவர் மாறி மாறி அமரும் ஒரு மேசைக் கணினியில் கண்ட்ரோல் பேனலை முழுவதுமாகத் தடைசெய்து வைத்தேன். அந்தத் தடை, விண்டோஸ் 10 முதல் ‘செட்டிங்ஸ்’ செயலியையும் சேர்த்தே மூடிவிடும். இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது, அங்கே வேலை பார்க்கும் பெண்மணி மவுஸை விசைப்பலகையின் இடப்புறம் வைத்துக்கொண்டு, பழக்கமில்லாத விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டிருந்தார். அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். பட்டன்களை இடம் மாற்றிக்கொள்ளும் பக்கம் திறக்கவில்லை. “அது இனிமேல் வராதாமே, பரவாயில்லை சார், பழகிக்கொள்கிறேன்” என்றார். அந்தப் ‘பரவாயில்லை’ என்னை உறுத்தியது. அன்றே முழுத் தடையை எடுத்துவிட்டு, கண்ட்ரோல் பேனலில் குறிப்பிட்டவற்றை மட்டும் காட்டும் பாலிசியையும், விண்டோஸ் 10இன் 1703 பதிப்பில் வந்த, ‘செட்டிங்ஸ்’ பக்கங்களைத் தேர்ந்து காட்டும் பாலிசியையும் வைத்து, மவுஸ், எழுத்தின் அளவு, அணுகல் வசதிகள் ஆகியவற்றைத் திறந்துவிட்டேன். முழுத் தடை ஒரே சொடுக்கில் முடிந்துவிடும். பக்கம் பக்கமாகத் தேர்ந்தெடுக்க அரை நாள் ஆகும். அந்த அரை நாளைச் செலவிடத்தான் வேண்டும்.

வால்பேப்பர் பற்றியும் ஓர் எச்சரிக்கை. படம் நெட்வொர்க் ஃபோல்டரில் இருந்து, பயனருக்கு அதைப் படிக்கும் உரிமை இல்லாமல் போனாலோ லேப்டாப் வெளியே போனாலோ, பின்னணி வெறும் கறுப்பாக நிற்கக்கூடும். படத்தை ஒவ்வொரு கணினிக்கும் நகலெடுத்து வைத்து, அந்த இடத்தைச் சுட்டுவதே பாதுகாப்பானது.

மாற்றங்கள் உடனுக்குடன் போய்ச் சேராது. இயல்பாக 90 நிமிடங்களுக்கு ஒருமுறை, அதோடு 30 நிமிடம் வரை ஏதேனும் ஓர் அளவு கூட்டப்பட்டு, கணினிகள் பாலிசியைப் புதுப்பித்துக்கொள்ளும். பொறுக்க முடியாதபோது ‘ஜிபிஅப்டேட்’ கட்டளை உதவும். எந்தப் பாலிசி பொருந்தியது, எது விடுபட்டது என்பதை ‘ஜிபிரிசல்ட்’ காட்டிவிடும். ஏன் வேலை செய்யவில்லை என்று ஊகித்துக்கொண்டிருப்பதைவிட, அந்த அறிக்கையைப் பயனரின் லாகினிலேயே ஓட்டிப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

குறைகளும் உண்டு. டிரைவ்களை மறைக்கும் பாலிசி அவற்றைக் கண்ணிலிருந்து மறைக்குமே தவிர, பூட்டுப் போடாது. தேவையற்ற மென்பொருளைத் தடுக்க ‘ஆப்லாக்கர்’ போன்றவை தனியாக வேண்டும். பயனருக்குத் தன் கணினியில் அட்மின் உரிமை இருந்தால், இந்தக் கட்டுப்பாடுகளை நம்புவதில் பொருளில்லை. யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாற்றை மேலாண்மைத் திரை காட்டாது என்பது எனக்குப் பெரிய மனக்குறை. டொமைனில், அதாவது ஆக்டிவ் டைரக்டரி நிர்வகிக்கும் நெட்வொர்க்கில், சேர முடியாத விண்டோஸ் ஹோம் பதிப்பில் இது பயன்படாது. டொமைனே இல்லாத சிறிய அலுவலகத்தில் புரோ பதிப்புகள் இருந்தால், விஸ்டா காலம் முதல் குறிப்பிட்ட பயனருக்கென்று லோக்கல் பாலிசி வைக்க வழி இருக்கிறது. ஆனால் கணினி கணினியாகப் போய்ச் செய்ய வேண்டும், பத்துக் கணினிகளைத் தாண்டினால் கட்டுப்படியாகாது.

ஆக்டிவ் டைரக்டரி ஏற்கெனவே இயங்கும் அலுவலகத்துக்கு இதையே பரிந்துரைக்கிறேன். இந்த வேலைக்கென்று வேறு மென்பொருள் வாங்கத் தேவையில்லை. பாலிசியை உண்மையான பயனர்களோடு இணைப்பதற்கு முன், அவர்களைப் போன்றே ஒரு சோதனைக் கணக்கை அதே குரூப்பில் சேர்த்து, ஒரு நாள் முழுவதும் அவர்கள் செய்யும் வேலைகளை அந்தக் கணக்கில் செய்து பாருங்கள். திருத்துவதற்கு முன் ஒருமுறை ‘பேக்கப்’ எடுத்து, தேதியையும் மாற்றத்துக்கான காரணத்தையும் அதன் குறிப்பிலேயே எழுதி வையுங்கள்.