15 எச்பி கூடுமுங்ணா என்று சொல்லி ஏமாற்றினார்கள்

என்னுடையது டீசல் ஸ்விஃப்ட். 1.3 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் சுழலி), கம்பெனிக் கணக்கில் 75 எச்பி (குதிரைத்திறன்). கோவையில் வண்டிகளுக்கு வெளிச்சாமான் மாட்டும் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்), எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் கோன் ஃபில்டரும் (கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்) அலுமினியக் குழாயும் போட்டால் 15 எச்பி கூடும் என்றார்கள். விலை 14,000 ரூபாய். 75-க்கு 15 என்றால் ஐந்தில் ஒரு பங்கு. எவ்வளவு டீசல் விட வேண்டும் என்பதை ஈசியூதான் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) தீர்மானிக்கிறது, ஃபில்டரை மட்டும் மாற்றி அவ்வளவு வராது என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள் வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு 'உஷ்ஷ்' சத்தம் வந்தது பாருங்கள், அதில் விழுந்துவிட்டேன்.

மூன்றாம் நாளே மேட்டில் பிக்கப் குறைந்தது. அடுத்த வாரம் செக் எஞ்சின் விளக்கு. கடையில் கேட்டால், "ஈசியூ தானா பழகிக்குமுங்ணா, ஒரு ஐநூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க." ஓட்டினேன். விளக்கு அணையவில்லை.

வழக்கமான மெக்கானிக் பானட்டைத் திறந்ததும் சிரித்துவிட்டார். உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஃப் சென்சாருக்கு, அது உட்காரும் குழாயின் விட்டத்தை வைத்துத்தான் கணக்கு. இவர்கள் போட்டது அதைவிட அகலமான குழாய். அதில் காற்று மெதுவாகப் போகும், சென்சார் குறைத்துக் காட்டும், கரும்புகை வராமலிருக்க ஈசியூ டீசலைக் குறைத்துவிடும். காசு கொடுத்து இழுவையைக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்! பத்தாததற்கு ஃபில்டரை எண்ணெயில் குளிப்பாட்டியிருந்தார்கள், அது சென்சார் மேலேயே படிந்திருந்தது. கோனைச் சுற்றி வெப்பத் தடுப்பும் இல்லை, எஞ்சின் சூட்டைத்தான் இழுத்திருக்கிறது. 10 டிகிரி கூடினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் கொஞ்சம் சரிக்கட்டும், அவ்வளவுதான்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது இதெல்லாம் இல்லை. ஃபில்டருக்குப் பின்னால் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டினார். பழுப்பாகத் தூசி. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போ இறக்கையில் அந்தத் தூசி மோதினால் விளிம்பு தேய்ந்துகொண்டே போகும். நல்லவேளை, சீக்கிரம் பார்த்துவிட்டோம்.

வாங்கியே தீருவேன் என்பவர்கள், சென்சார் குழாயின் உள்விட்டம் பழையதற்குச் சமமா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். எச்பி கூடும் என்றால் உங்கள் மாடல் வண்டியின் டைனோ தாளைக் (எஞ்சின் சக்தியை இயந்திரத்தில் அளந்த தாள்) கேளுங்கள். பம்பருக்குக் கீழே ஃபில்டரை இறக்கி வைக்கும் வகையே வேண்டாம். மழைத் தண்ணீரில் ஒரு மடக்கு உறிஞ்சினால் எஞ்சினுக்குள் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன், "மாட்டின பொருளை எடுக்க மாட்டமுங்க" என்றார்கள். சரி, கழற்றிய என் பழைய ஏர் பாக்ஸையாவது (கம்பெனி ஃபில்டர் இருந்த பெட்டி) கொடுங்கள் என்றேன்.

"அது அன்னைக்கே பழைய இரும்புக்குப் போயிருச்சுங்ணா."

அது பிளாஸ்டிக்.