மாட்டுக்கு நக்குக் கட்டி: காசு கொடுக்கலாமா?

கோடை வந்தால் கிளிநொச்சிப் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்த நக்குக் கட்டியைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். யூரியா, மொலாசஸ் என்கிற, சீனி ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகு, தவிடு, உப்பு, கனிமத்தூள், இறுகுவதற்குக் கொஞ்சம் சீமெந்து எல்லாம் சேர்த்து அழுத்திய கறுப்புக் கட்டி, கிட்டப் போனால் புளித்த பாகு மணக்கும். வைக்கோலை நம்பி மாடு வளர்ப்பவர் தாராளமாக வாங்கலாம். கோ-3 தீவனப் புல்லும் புண்ணாக்கும் குறைவில்லாமல் போடுபவருக்குக் காசு வீண், அவ்வளவுதான்.

காரணத்தையும் சொல்கிறேன், கடையில் சொல்லமாட்டார்கள். வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான் இருக்கும். மாட்டின் முதல் இரைப்பையில் இருக்கிற நுண்ணுயிர்கள்தான் நாரைச் செரிக்கச் செய்கின்றன. தீனியில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் அவை பெருகாது, செரிமானம் மந்தமாகி மாடு தின்பதையும் குறைத்துக்கொள்ளும். யூரியா உள்ளே போய் அமோனியாவாக உடைய, அதை எடுத்து நுண்ணுயிர்கள் பெருகும், பிறகு அவையே குடலில் மாட்டுக்குப் புரதமாகும். அவுஸ்திரேலியாவில் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ரொன் லெங் இந்த விஷயத்தை வருஷக்கணக்காக ஆராய்ந்து எழுதியவர். 1980களில் குஜராத்தின் ஆனந்தில் இருக்கிற இந்தியப் பால்வள வாரியத்தோடு சேர்ந்து வேலை செய்தார், அங்கிருந்துதான் இந்தக் கட்டி ஊர் ஊராகப் பரவியது. கட்டியாகச் செய்ததில்தான் கெட்டித்தனம் இருக்கிறது: நக்க நக்க யூரியா கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே போகும்.

எங்கள் பட்டியில் நாட்டு மாடுகளோடு ஒரு ஜேர்சிக் கலப்பும் நிற்கிறது. மாரி நெல்லான காலபோகம் வெட்டி, வயலில் தாள் மேய்ச்சலும் தீர்ந்து, இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் கோடை நெல்லான சிறுபோகமும் விதைத்துவிட்டால் மாட்டை அவிழ்த்துவிட இடமில்லை. மேய்ச்சல்தரை எங்கே போனது என்பது வேறு கதை, அதை எழுதினால் வேலிச் சண்டையில்தான் முடியும். கட்டி வைத்த பிறகு பால் ஒன்றும் குடம் குடமாகக் கூடவில்லை, ஆனால் தொட்டியில் வைக்கோலை மிச்சம் விடுவது நின்றது, மாடுகளின் விலா எலும்பும் முன்னைப்போலத் தெரியவில்லை. நாட்டுப் பசு ஒன்று ஒரே இடத்தில் நக்கி நக்கிக் கட்டியின் நடுவில் ஒரு பள்ளமே போட்டுவிட்டது, விளிம்பு வழுவழுவென்று மினுங்கியது.

இப்போது குறை. நான் வாங்கிய கடையில் ஒரு கட்டி மாதிரி மற்றது இல்லை. ஒன்று கல்லாக இறுகி இருந்தது, இன்னொன்று நகத்தால் கீறினாலே உதிர்ந்தது, ஜேர்சி அதைக் கடித்தே தின்னப் பார்த்தது. இது சின்ன விஷயமில்லை, கடித்து விழுங்கினால் யூரியா ஒரேயடியாக உள்ளே போய் நஞ்சாகிவிடும். உறையில் யூரியா எவ்வளவு என்றும் இல்லை, திகதியும் இல்லை. அதைவிட மோசம், கன்றுக்குத் தண்ணீரில் கரைத்து வைக்கலாமாம், கடைப் பையன் சொல்கிறான்! தயவுசெய்து செய்யாதீர்கள். 6 மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கட்டியே கூடாது, எந்த மாட்டுக்கும் கரைத்துக் கொடுக்கக் கூடாது. பட்டினி கிடந்த மாட்டுக்கு முதலில் வைக்கோல் போட்டு, பக்கத்தில் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் கட்டியைக் காட்ட வேண்டும். உடல் நடுங்கி, வாயில் நுரை தள்ளி, வயிறு ஊதினால் உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் வினாகிரி கலந்து கொடுப்பதுதான் பழைய முதலுதவி, ஆனால் அதைச் செய்துவிட்டு வைத்தியரைக் கூப்பிடாமல் இருந்துவிடாதீர்கள்.

அப்புறம், மாரியில் வாங்கி அடுக்கிவைக்க வேண்டாம், ஈரம் பட்டால் கசிந்து எறும்பு மொய்க்கும். உரப்பையில் சுற்றித் தரையில் படாமல் வையுங்கள்.

ஆள் பலம் இருந்தால் இதைவிட மலிவான வழியும் இருக்கிறது: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடிப் பதப்படுத்துவது. எனக்கு அதற்குக் கூலி கொடுக்கக் கட்டாது. ஆவணிக்கு மறுபடியும் கட்டிதான், ஆனால் வேறு கடையில்.