கொடை ஏரியா, கோக்கர்ஸ் வாக்கா?

அம்மாவுக்கு ஏறுவதில் சிக்கல் இல்லை; இறங்கினால்தான் முட்டி பிடித்துக்கொள்ளும். கொடைக்கானலில் அவரை எங்கே நடக்கக் கூட்டிப்போவது என்று யோசித்து, ஜனவரியில் இரண்டு இடத்தையும் பார்த்துவிட்டோம். என் ஓட்டு ஏரிக்கு.

கோக்கர்ஸ் வாக் 1872-ல் லெப்டினன்ட் கோக்கர் மலைச்சரிவின் விளிம்பில் போட்ட பாதை. சுமார் 1 கி.மீ. டிக்கெட் உண்டு, வண்டித் தொல்லை கிடையாது. வானம் தெளிந்திருந்தால் கீழே சமவெளி வரை தெரியும், மஞ்சு ஏறிவிட்டால் கைப்பிடிக் கம்பி மட்டும்தான். ஆனால் பாதையில் லேசான இறக்கம் இருக்கிறது. நமக்குத் தெரியாது, முட்டிக்குத் தெரியும். அம்மா கம்பியைப் பிடித்தபடி பக்கவாட்டில் கால் வைத்து இறங்கியதைப் பார்த்த பிறகு எனக்குக் காட்சியில் மனம் போகவில்லை.

மலையூரில் மட்டமான தரை வேண்டுமென்றால் தண்ணீர் நிற்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும். 1863-ல் வியர் லெவிஞ் கரை கட்டி உண்டாக்கிய ஏரி இது. அவர் மதுரையில் கலெக்டராக இருந்தவர். சாலை கரையை ஒட்டியே வளைந்து போவதால் ஏற்ற இறக்கம் பெயருக்குத்தான். அம்மா முதல் பத்து நிமிடத்திலேயே என் கையை விட்டுவிட்டார். ஓரத்துப் பாசியில் ஒரு மடையான் கழுத்தை உள்ளிழுத்து அசையாமல் நின்றது; அது பறக்கிறவரை இவரும் அசையவில்லை.

ஒன்று கவனிக்க வேண்டும். முழுச் சுற்று கிட்டத்தட்ட 5 கி.மீ. ஏரி நட்சத்திரம் மாதிரி கை விரித்துக் கிடப்பதால், கூப்பிடு தூரத்தில் தெரிகிற எதிர்க்கரைக்கு விரலிடுக்கு போல உள்ளே போய் வெளியே வர வேண்டியிருக்கும். பாதி தாண்டிவிட்டால் திரும்பினாலும் அதே தூரம்தான். நாங்கள் படகுக் குழாமில் தொடங்கி அரை மணி நடந்து, வந்த வழியே திரும்பிவிட்டோம்.

கார், வாடகை சைக்கிள், குதிரை எல்லாம் அதே சாலையில்தான். குதிரைச் சாணத்தையும் பார்த்து நடக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு இதெல்லாம் குறைவு. மே மாத சீசன் கூட்டத்தில் நான் நடந்ததில்லை, அப்போதும் இதையே சொல்வேனா என்றால் தெரியாது.